தரவுத்தளப் பாடம்: ஆசிரியர்கள் தங்கள் கேள்விகளைப் பகிர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாரிமுனையிலிருந்து எண்ணூர் வரை, கணினிப் பாடம் உள்ள மேல்நிலைப் பள்ளிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் கலை அறிவியல் கல்லூரிகளிலும் ஒரே வேலை ஆண்டுதோறும் தனித்தனியாகப் பல இடங்களில் நடந்துகொண்டிருக்கிறது. தரவுத்தளப் பாடம் (தகவல்களைக் கணினியில் அட்டவணைகளாகச் சேமித்து, வேண்டியதைக் கேட்டுப் பெறும் முறை) எடுக்கும் ஒவ்வோர் ஆசிரியரும் குறிப்புகள், மாதிரி அட்டவணைகள், செய்முறைப் பயிற்சிகள் என எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து தாமே தயாரிக்கிறார். மாறுதலிலோ ஓய்விலோ அவர் போகும்போது அவையும் அவருடைய பென் டிரைவிலேயே போய்விடுகின்றன. பிளஸ் 2 கணினி அறிவியலில் தொடங்கி டிப்ளமோ, பி.சி.ஏ., பி.எஸ்சி. என்று ஒரே மாணவர் இரண்டு முறையாவது படிக்கும் பாடம் இது. அவருக்கு அதை நடத்தும் பள்ளி ஆசிரியரும் கல்லூரி ஆசிரியரும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வேலை பார்த்தாலும் ஒருவரையொருவர் அறியமாட்டார்கள். இப்பாடத்தை இந்தப் பகுதியில் பல ஆண்டுகளாக நடத்தி வருபவள் என்ற முறையில், நாங்கள் எங்களுக்குள் எதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும், எது அதற்குத் தடையாக இருக்கிறது என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

கணினித் துறையில், பகிர்ந்து வைத்தால் நெடுநாள் பயன் தரக்கூடிய பாடம் இதைப் போல வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம்தான். ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட், தகவல்களை அட்டவணைகளாக அமைக்கும் உறவுநிலைத் தரவுத்தளக் கருத்தைக் கட்டுரையாக வெளியிட்டது 1970-இல். அதே நிறுவனத்தின் டொனால்டு சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கப் பயன்படும், இன்று எஸ்.க்யூ.எல். என்று அழைக்கப்படும் மொழியின் முதல் வடிவத்தை முன்வைத்தது 1974-இல். அமெரிக்கத் தரநிலை நிறுவனம் அதற்குத் தரநிலை வகுத்தது 1986-இல். கைப்பேசிச் செயலிப் பாடத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன் எழுதிய பயிற்சி இன்று ஓடாமல் போகலாம். இரண்டு அட்டவணைகளை இணைத்து விடை காணும்படி 1990-களில் ஒருவர் எழுதிய நல்ல கேள்வியோ இன்றைய வகுப்பிலும் அப்படியே பயன்படும். அப்படிப்பட்ட பாடத்தில்தான் நாங்கள் ஆண்டுக்காண்டு புதிதாகத் தொடங்கிக்கொண்டிருக்கிறோம்.

ஆய்வகங்கள் பலவற்றில் இன்றும் புழங்குவது, ஆரக்கிள் நிறுவனம் தன் தரவுத்தள மென்பொருளோடு கொடுத்துவந்த ஊழியர், துறை என்னும் இரண்டு மாதிரி அட்டவணைகள்தாம். 14 ஊழியர்கள், நியூயார்க், டல்லஸ், சிகாகோ, பாஸ்டன் என்று நான்கு ஊர்களில் நான்கு துறைகள். கிங், ஸ்காட், பிளேக் ஆகியோரின் சம்பளம் வண்ணாரப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் கணினி படித்த பலருக்கு மனப்பாடம். இதைக் கேலி செய்வது எளிது. நான் செய்யமாட்டேன், ஏனென்றால் மிகுந்த யோசனையோடு அமைக்கப்பட்ட அட்டவணை அது. அதன் கமிஷன் பத்தியில் நால்வருக்கு மட்டுமே மதிப்பு உண்டு: 300, 500, 1400, டர்னர் என்பவருக்கு 0. மற்ற பத்துப் பேருக்கும் ‘நல்’, அதாவது எந்த மதிப்பும் பதியப்படாத கட்டம். சராசரி கமிஷன் கேட்டால் கணினி 2200-ஐ நான்கால் வகுத்து 550 என்று சொல்லும். பதினான்கால் வகுத்து 157 வரும் என்று எதிர்பார்த்த மாணவர் திகைப்பார். டர்னரின் பூஜ்யம் கணக்கில் சேர்ந்தது, மற்றவர்களின் வெற்றுக் கட்டம் சேரவில்லை என்பதை அந்தத் திகைப்பில் அவர் கற்றுக்கொள்வது போல எந்தக் குறிப்பைப் படித்தும் கற்றுக்கொள்ளமாட்டார்.

அதே அட்டவணையில் இன்னொரு பொறியும் உண்டு. ‘யாருக்கும் மேலாளராக இல்லாத ஊழியர்கள் யார்?’ என்று கேட்டால், மேலாளர் எண்களின் பட்டியலில் ‘இல்லாத’ ஊழியர் எண்களைக் கொடு என்று மாணவர்கள் எழுதுவார்கள். கட்டளை பிழையின்றி ஓடும். விடையாக ஒரு வரிகூட வராது. நிறுவனத் தலைவர் கிங்குக்கு மேலாளர் இல்லாததால் அவருடைய கட்டம் ‘நல்’. அந்த ஒரு ‘நல்’ பட்டியலுக்குள் நுழைந்தவுடன், எந்த எண்ணை எடுத்தாலும் அது பட்டியலில் இல்லை என்று கணினியால் உறுதியாகச் சொல்ல முடியாமல் போகிறது. வேலைக்குப் போன பிறகு சம்பளப் பட்டியலிலோ இருப்புக் கணக்கிலோ இதே தவறைச் செய்து, விடை வராததைக் ‘கணக்கு சரியாக இருக்கிறது’ என்று எடுத்துக்கொள்ளும் நிரலர்கள் உண்டு. இத்தனையும் அந்தப் பதினான்கு வரிகளுக்குள் காத்துக்கொண்டிருக்க, நம் ரெக்கார்டு நோட்டுகளோ ‘எல்லா ஊழியர்களையும் காட்டு’, ‘3000-க்கு மேல் சம்பளம் வாங்குவோரைக் காட்டு’ என்பதோடு நின்றுவிடுகின்றன. அட்டவணை தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்துவிட்டது. அதை வைத்து என்ன கேட்க வேண்டும் என்ற அனுபவ அறிவு கைமாறவில்லை.

ஆகவே ஆசிரியர்கள் முதலில் பகிர வேண்டியவை கேள்விகளும், அக்கேள்விகளுக்கு மாணவர்கள் வழக்கமாக எழுதும் தவறான விடைகளும்தாம். விரிவுரைகளுக்கும் ஸ்லைடுகளுக்கும் இன்று பஞ்சமில்லை. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டெல். திட்டத்தில் தரவுத்தளம் குறித்த முழுப் படிப்பு இலவசமாகக் கிடைக்கிறது. ஐ.ஐ.டி. மும்பையின் ஸ்போக்கன் டியூட்டோரியல் திட்டம் திறமூல மென்பொருள்களுக்கான பயிற்சிக் காணொளிகளைத் தமிழிலும் வழங்குகிறது. நம் பல்கலைக்கழகங்களில் பரவலாகப் பயன்படும் ஒரு தரவுத்தளப் பாடநூலின் ஆசிரியர்கள், அவர்களில் ஒருவர் ஐ.ஐ.டி. மும்பைப் பேராசிரியர், தங்கள் ஸ்லைடுகளையும் மாதிரிப் பல்கலைக்கழகத் தரவையும் யாரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெனிஃபர் விடம் 2011-இல் தம் தரவுத்தள வகுப்பை உலகுக்கே இலவசமாகத் திறந்துவிட்டார். இவற்றுக்கு மேலும் ஒரு விரிவுரையை நான் பதிவு செய்து வைப்பதால் கொருக்குப்பேட்டை மாணவிக்குக் கிடைக்கும் கூடுதல் நன்மை மிகக் குறைவு.

கிடைக்காதது, அந்த மாணவி தன் அறிவை வைத்தே சரிபார்த்துக்கொள்ளக்கூடிய தரவு. மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் புகழ்பெற்ற மாதிரித் தரவுத்தளம் ஒரு டி.வி.டி. வாடகைக் கடை. 1000 படங்கள், 200 நடிகர்கள், இரண்டு கிளைகள் என்று நல்ல அளவில் அமைந்தது. ஆனால் இன்று பதினெட்டு வயதில் இருப்பவர் அப்படி ஒரு கடைக்குள் நுழைந்ததே இல்லை. விடை தவறாக வந்தால் ‘இது இப்படி இருக்க முடியாதே’ என்ற ஐயம் எழுவதற்கு, அந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். படகு, உரிமையாளர், கடலுக்குப் போன நாள், கரைக்கு வந்த மீன், ஏலம் ஆகியவற்றை அட்டவணைகளாக வகுக்கச் சொன்னால் பாடத்திட்டத்தின் பெரும்பகுதி தானாகவே வந்துவிடுகிறது. ஒரு படகுக்குப் பங்குதாரர்கள் பலர் இருக்கலாம். ஒருவருக்குப் பல படகுகளில் பங்கு இருக்கலாம். எனவே படகு அட்டவணையில் ‘உரிமையாளர்’ என்று ஒரு பத்தி வைத்தால் போதாது, இடையில் மூன்றாவது அட்டவணை ஒன்று வேண்டும் என்பதை மாணவர்களே சொல்லிவிடுகிறார்கள். வஞ்சிரத்தின் விலையை மீன் அட்டவணையில் எழுத முடியுமா என்று கேட்டால், மீனவர் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் வகுப்பில் இருந்தால் போதும், சிரித்துவிடுவார். விலை மீனின் பெயரால் முடிவாவதில்லை. அந்த நாளில், அந்த ஏலத்தில், அந்தக் கூடைக்கு முடிவாவது. இயல்பாக்கம் (ஒரே தகவல் பல இடங்களில் திரும்ப வராதபடி அட்டவணைகளைப் பிரித்தல்) என்ற தலைப்பில் ‘சார்பு’ பற்றிப் பாடநூல்கள் குறியீடுகளைக் கொண்டு சொல்லும் செய்தி இதுதான். இயல்பாக்க வடிவங்களின் வரையறைகளை மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவர்களால்கூட ஒரு புதிய அட்டவணையைக் கொடுத்தால் அதில் எது எதைச் சார்ந்தது என்று சொல்ல முடிவதில்லை.

இதே தரவில் இன்னும் ஆழமாகப் போகலாம். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஒன்று மே மாதம் கடலுக்குப் போனதாகப் பதிவு இருந்தால் அது தவறான பதிவு அல்லது விதிமீறல். நாட்டுப் படகுக்கு அப்படியன்று. இந்த விதியைத் தரவுத்தளத்திலேயே பதித்துவைக்க முயன்றால், தேதி ஓர் அட்டவணையிலும் படகின் வகை இன்னோர் அட்டவணையிலும் இருப்பதால், பத்திக்கு நேராக எழுதும் எளிய கட்டுப்பாடு போதாது என்பது தெரியவரும்; டிரிகர் (பதிவு நடக்கும்போது தானாக ஓடும் கட்டளை) எதற்கு என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைக்கிறது. ‘டிரிகர் வரையறு’ என்று ஐந்து மதிப்பெண் கேள்வி கேட்பதைவிட இது மேல் என்பது என் கருத்து.

பரிவர்த்தனை, அதாவது ஒரே வேலையாகக் கருதப்படும் பல மாற்றங்களின் தொகுதி, பற்றிய பாடத்துக்கு எல்லாப் பாடநூல்களும் ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் மாற்றும் எடுத்துக்காட்டையே தருகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்குப் பின் 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கடைகள் வழியாக வழங்கப்பட்டபோது எங்கள் மாணவர்களில் பலர் அந்த வரிசையில் நின்றவர்கள். ஒரே குடும்ப அட்டை எண்ணை இரண்டு கணினிகளில் ஒரே நொடியில் பதிந்தால் என்ன ஆகும், ‘வழங்கப்பட்டது’ என்று குறித்த பின் மின்சாரம் போய்விட்டால் அந்தக் குடும்பத்தின் நிலை என்ன என்று கேட்டுவிட்டால், ‘முழுவதும் நடக்க வேண்டும் அல்லது எதுவுமே நடக்கக்கூடாது’ என்ற விதியை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது. இது வகுப்புக்காகக் கற்பனை செய்த பயிற்சியே தவிர, அப்படி நடந்தது என்று சொல்ல வரவில்லை.

தமிழ்ப் பெயர்களைச் சேமிப்பதும் நாமே தயாரித்துப் பகிர வேண்டிய பாடம். வெளியிலிருந்து வரும் மாதிரிகளில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பத்திகள் இருக்கும். தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாகக் கொண்ட நம் பிள்ளைகளை அதில் எங்கே எழுதுவது என்பதில் ஒவ்வோர் ஆய்வகமும் ஒவ்வொரு வழியைப் பின்பற்றுகிறது. மேலும், பழைய மைஎஸ்க்யூஎல் பதிப்புகளில் எழுத்துக் குறியேற்றம் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) இயல்பாக லத்தீன் எழுத்துகளுக்கானது என்பதால், தமிழில் உள்ளிட்ட பெயர் வெறும் கேள்விக்குறிகளாகத் திரும்பி வரும்; 2018-இல் வந்த 8.0 பதிப்பில்தான் தமிழ் உட்பட உலக மொழிகளுக்கான யூனிகோடு இயல்பானது. ‘செல்வம்’ என்ற பெயரின் நீளம் என்ன என்று கணினியிடம் கேட்டால், கொம்பையும் புள்ளிகளையும் தனித்தனியாக எண்ணி 7 என்று சொல்லும். நினைவகத்தின் அலகான பைட் கணக்கில் 21. நமக்கு அது நான்கே எழுத்து. பத்தியின் நீளத்தைக் குறைத்து வைத்தால் பெயர்கள் ஏன் துண்டாகின்றன என்பதை இதைக் கொண்டு விளக்க எனக்குத் தெரிந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுதிய பயிற்சி மிக அருமையானது. அது அவருடைய பள்ளியைத் தாண்டி வெளியே வரவே இல்லை.

மென்பொருள் வேறுபாட்டை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பகிர்வு முயற்சிகள் முதலில் இடறுவது அங்கேதான். வரிகளைத் தொகுதிகளாகச் சேர்க்கும் குழுவாக்கும் கட்டளையில் சேர்க்கப்படாத பத்தியை விடையில் கேட்டால், மைஎஸ்க்யூஎல் 5.7 பதிப்பு முதல் பிழை என்று மறுத்துவிடும். எக்ஸாம்ப் என்ற மென்பொருள் தொகுப்போடு வரும் மரியாடிபி என்ற தரவுத்தள மென்பொருள் அதை இயல்பாக ஏற்றுக்கொண்டு, ஏதோ ஒரு வரியின் மதிப்பை எடுத்து விடையாகக் காட்டும். எஸ்க்யூலைட் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளும் அப்படியே ஏற்கும். அதில் எண்ணுக்கான பத்தியில் பெயரை எழுதினாலும் வாங்கிக்கொள்ளும். ஓர் அட்டவணையில் எழுதும் எண் இன்னோர் அட்டவணையில் இருந்தாக வேண்டும் என்னும் அயல் திறவுகோல் கட்டுப்பாட்டை நாமாகச் செயல்படுத்தாவிட்டால் அது பெயரளவுக்கே இருக்கும். ஒரு கல்லூரியில் முழு மதிப்பெண் வாங்கிய விடை புறத்தேர்வாளரின் கல்லூரியில் ஓடாது என்ற விசித்திரம் இதனால்தான். இருந்தாலும் பகிர்வுக்கு எஸ்க்யூலைட்டையே நான் பரிந்துரைப்பேன். ரிச்சர்டு ஹிப் 2000-இல் வெளியிட்ட அந்த மென்பொருள் யாருக்கும் சொந்தமில்லாத பொதுவுடைமை. முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பில் அடங்குவதால் வாட்ஸ்அப்பிலேயே அனுப்பலாம். தமிழ்நாட்டு பிளஸ் 2 பாடநூலும் பைத்தான் நிரல்மொழியோடு சேர்த்து அதைக் கற்பிக்கிறது. பகிரும் ஒவ்வொரு பயிற்சியிலும் எந்த மென்பொருளில், எந்தப் பதிப்பில் சோதிக்கப்பட்டது என்று எழுதிவிட்டால் பெரும்பாலான சண்டைகள் தீர்ந்துவிடும்.

எச்சரிக்கை ஒன்றும் தேவை. மாதிரித் தரவு என்ற பெயரில் வகுப்பின் வருகைப் பட்டியலையே கைப்பேசி எண், பிறந்த தேதி, சாதிப் பிரிவு ஆகியவற்றோடு அப்படியே ஏற்றிவிடும் பழக்கம் நம்மிடையே உண்டு. ஆய்வகத்துக்குள்ளேயே அது சரியன்று. 2023-இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்ட பிறகு, அதை மற்ற கல்லூரிகளோடு பகிர்வதை நினைத்துப் பார்க்கவே கூடாது. அட்டவணையின் அமைப்பு ஊரைச் சார்ந்து இருக்கட்டும், ஆட்கள் கற்பனையாக இருக்கட்டும். அதைப் போலவே, கடையில் விற்கும் கைடுகளிலிருந்து எடுத்த கேள்விகளைத் தம்முடையவை போலப் பகிர்வதும் கூடாது. தமிழ் விக்கிப்பீடியா பின்பற்றும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை எடுத்துக்கொண்டால், எழுதியவர் பெயரைச் சொல்லி எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், திருத்தியதையும் அதே முறையில் பகிர வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

இனி, ஆசிரியர்கள் ஏன் பகிர்வதில்லை என்பதற்கு வருகிறேன். ‘என் நோட்ஸ்’ என்ற உடைமை உணர்வு ஒரு காரணம்தான். அதை மட்டும் சொல்லி ஆசிரியர்களைக் குறை கூறுவது நியாயமாகாது. அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்களாகவும் தனியார் கல்லூரிகளில் ஆண்டு ஒப்பந்தத்திலும் பணிபுரிவோருக்கு அடுத்த ஆண்டு வேலை உண்டா என்பதே உறுதியில்லாதபோது, பல ஆண்டு உழைப்பில் சேர்த்த பயிற்சிகளே அவர்களுடைய கைம்முதல். அதைச் சும்மா கொடுங்கள் என்று நிரந்தரப் பணியில் இருக்கும் நான் உபதேசம் செய்ய முடியாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளில் மின்-உள்ளடக்கம் தயாரிப்போருக்கு மதிப்பெண் உண்டு என்றாலும், அது முழுப் பாடம், பாடத்தொகுதி என்ற அளவுகளில்தான் கணக்கிடப்படுகிறது. நாற்பது மாணவர்களின் தவறுகளைக் கவனித்து எழுதிய பத்து நல்ல கேள்விகளுக்கு அதில் இடமில்லை. சென்னைப் பல்கலைக்கழகமும் கல்லூரிக் கல்வி இயக்ககமும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககமும் இத்தகைய பங்களிப்புக்குப் பெயரிட்டு ஒரு சான்றிதழாவது வழங்கினால், அடுத்த நேர்முகத் தேர்வுக்குப் போகும் ஒப்பந்த ஆசிரியருக்கு அது உதவும்.

விடைகள் வெளியானால் மாணவர்கள் பார்த்து எழுதிவிடுவார்களே என்பது இன்னோர் அச்சம். மற்ற பாடங்களில் அது நியாயமான அச்சம். இதில் அவ்வளவாக இல்லை. கேள்வி ஒன்றாகவே இருக்க, தரவை மட்டும் மாற்றிவிட முடியும். மாணவர் எழுதிய கட்டளையை அவர் பார்த்திராத இரண்டாவது தரவில் ஓட்டிப் பார்த்தால், முதல் தரவில் தற்செயலாகச் சரியாக வந்த விடை அங்கே பிடிபட்டுவிடும். எந்தத் தரவைக் கொடுத்தால் எந்தத் தவறு வெளிப்படும் என்பதையே ஆராய்ந்து, ஐ.ஐ.டி. மும்பையில் எக்ஸ்டேட்டா என்ற கருவியை உருவாக்கியிருக்கிறார்கள். எங்களுக்கு அவ்வளவு பெரிய கருவி தேவையில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு தரவுக் கோப்புகள் இருந்தால் போதும். ஆனால் அந்த இரண்டாவது கோப்பை ஓர் ஆசிரியர் தனியாக உட்கார்ந்து எல்லாக் கேள்விகளுக்கும் தயாரிக்க முடியாது. சேர்ந்து செய்தால்தான் முடியும்.

இப்போதைக்கு ஒரு மேல்நிலைப் பள்ளி, ஒரு பாலிடெக்னிக், இரண்டு கல்லூரிகள் ஆகியவற்றைச் சேர்ந்த சிலர் விடுமுறை நாட்களில் கூடி, மீன் ஏலம், ரேஷன் கடை ஆகிய இரண்டு தரவுத்தளங்களை எழுதத் தொடங்கியிருக்கிறோம். உட்கார இடம் கிடைப்பதே எங்களுடைய பெரிய சிக்கல். வட சென்னை வளர்ச்சித் திட்டத்தின் பேரில் இப்பகுதியில் நூலகங்களும் படிப்பகங்களும் புதிதாக எழுந்து வருகின்றன. கொளத்தூரில் 2024-இல் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகத்தில் இருப்பதைப் போன்ற கணினி வசதியோடு, மாதத்தில் ஒரு சனிக்கிழமைப் பிற்பகலை ஆசிரியர்களுக்கு ஒதுக்கித் தந்தால் போதும். இதற்கு வரும் ஆசிரியர்களுக்குப் பருவத்துக்கு ஒரு நாளாவது பணி நாளாகக் கருதி அனுமதி வழங்குமாறு கல்லூரி முதல்வர்களையும் தலைமை ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

திருவொற்றியூர், மணலி, மாதவரம், பெரம்பூர் பகுதிகளில் இப்பாடத்தை நடத்தும் ஆசிரியர்கள், வரும் கல்வியாண்டு தொடங்குவதற்குள், தங்கள் வகுப்பில் மாணவர்கள் தொடர்ந்து தவறாக எழுதும் ஒரே ஒரு கேள்வியையாவது, அதற்கான அட்டவணையோடும் அந்தத் தவறான விடையோடும் எழுதி வைக்க வேண்டுகிறேன். செய்முறைத் தேர்வுகளுக்குப் புறத்தேர்வாளர்களாக நாங்கள் ஒருவர் கல்லூரிக்கு ஒருவர் எப்படியும் போகத்தான் போகிறோம். அன்றே அவற்றைக் கைமாற்றிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கணினி அறிவியல் ஆசிரியை ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 81.